சுற்றிவந்து பார்க்கச் சொன்ன சிற்பி: ஹென்றி மூரின் வாழ்க்கை



சிங்கப்பூருக்குப் போய்வந்தவர்களில் சிலர் சூலியா ஸ்திரீட் பக்கம் நடந்திருப்பீர்கள். அங்கே ஓ.சி.பி.சி. வங்கியின் உயர்ந்த கட்டடத்துக்கு முன்னால் வெண்கலத்தில் வார்த்த ஒரு பெரிய உருவம் சாய்ந்து கிடக்கிறது. ஏறக்குறைய 9 மீட்டர் நீளம். தள்ளி நின்று பார்த்தால் ஒரு பெண் சாய்ந்து படுத்திருப்பது போலத் தெரியும். கிட்டே போனால் பெண்ணைக் காணோம். வளைவும் மேடும் பெரிய இடைவெளியும்தான் தெரிகின்றன. அந்த இடைவெளி வழியே பார்த்தால் அந்தப் பக்கம் ஆட்கள் நடமாடுவது தெரியும்.

இதைப் பார்த்துவிட்டு, இது என்னா உருவம், கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல, இதுக்கா இவ்வளவு காசு என்று முணுமுணுத்துக்கொண்டே போகிறவர்கள் பலர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒரே இடத்தில் நின்று, ஒரே ஒரு தடவை பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அந்தச் சிற்பம் நம்மைக் கொஞ்சம் நடக்கச் சொல்கிறது. சுற்றி வந்து, நின்று, மறுபடியும் பார்க்கச் சொல்கிறது.

அதைப் படைத்தவர் ஹென்றி மூர். இருபதாம் நூற்றாண்டில் உலகம் அறிந்த பெரிய சிற்பிகளில் ஒருவர். அரண்மனையிலோ பணக்கார மாளிகையிலோ பிறந்தவர் அல்லர். நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி வேலை செய்த ஒருவரின் மகன். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

சுரங்கத்து வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்ஷயர் என்பது ஒரு பெரிய வட்டாரம். அங்கே காசல்போர்ட் என்ற சிறு நகரில் 1898-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள் ஹென்றி மூர் பிறந்தார். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். ஹென்றி ஏழாவது.

காசல்போர்ட் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஊர். வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். நம்முடைய தோட்டத்து லயங்களை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்; ஏறக்குறைய அந்த மாதிரிதான். சுரங்கத்திலிருந்து தோண்டி எடுத்த கழிவு மண்ணை ஊருக்குப் பக்கத்திலேயே மலைபோலக் குவித்திருப்பார்கள். அந்தக் கரிய மேடுகள்தாம் சிறுவன் ஹென்றி பார்த்த மலைகள்.

தந்தை ரேமண்ட் மூர் வீல்டேல் சுரங்கத்தில் வேலை செய்தார். அவருக்குப் பெரிய படிப்பு இல்லை. ஆனால் சும்மா இருக்கவும் மாட்டார். வேலை முடிந்து வந்து தாமாகவே புத்தகம் படித்தார், கணக்குக் கற்றார், இசையும் பழகினார். அப்படியே சுரங்கத்தில் சாதாரண ஆளாக இருந்தவர் படிப்படியாக மேற்பார்வைப் பொறுப்புக்கு உயர்ந்தார். அவர் மனத்தில் ஓர் உறுதி இருந்தது. தம் ஆண்பிள்ளைகளில் ஒருவரும் சுரங்கத்துக்குள் இறங்கக்கூடாது என்பதே அது. பிள்ளைகள் படித்து வாத்தியார் ஆகவேண்டும் என்று விரும்பினார். வாத்தியார் வேலை நிச்சயமான சம்பளம், மரியாதையான பிழைப்பு. நம் பெற்றோர் நினைப்பதைத்தான் அவரும் நினைத்தார்.

தாயார் மேரிக்கு வாதநோய். முதுகு வலியால் துன்பப்படுவார். ஹென்றி சிறு பிள்ளையாக இருந்தபோது தாயின் முதுகில் தைலம் தடவிவிடுவது அவர் வேலை. அந்த முதுகின் அகலமும் எலும்பின் மேடுபள்ளமும் அந்தச் சிறுவன் கையிலேயே பதிந்துவிட்டன. பல பத்தாண்டுகள் கழித்து, 1957-இல், உட்கார்ந்திருக்கும் பெண் ஒருத்தியின் உருவத்தைச் செய்துகொண்டிருந்தபோது, தாம் செய்வது தம் தாயின் முதுகுதான் என்பதை அவர் உணர்ந்தார். மற்றவர்கள் அந்தச் சிலையின் முகத்தைத் தேடினார்கள். செய்தவருக்கோ பின்பக்கம்தான் தாயாக இருந்தது.

பதினொரு வயதில் விழுந்த விதை

ஹென்றிக்குப் பதினொரு வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைச் சமய வகுப்பில் மைக்கேலாஞ்சலோ என்ற இத்தாலியச் சிற்பியின் கதையைக் கேட்டார். அன்றைக்கே, தானும் சிற்பி ஆவது என்று முடிவு செய்துவிட்டார். சுரங்க ஊரில் சிற்பி என்று ஒருவர்கூட இல்லை. சிற்பி என்றால் என்ன சம்பளம், எங்கே வேலை என்றும் ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைக்கு மட்டும் தெரிந்திருந்தது.

பிறகு உபகாரச் சம்பளம் பெற்று உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். அங்கே ஆலிஸ் காஸ்டிக் என்ற ஓவிய ஆசிரியை இருந்தார். இந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று முதலில் கண்டுகொண்டவர் அவர்தான். படங்கள் நிறைந்த புத்தகங்களைக் காட்டினார், களிமண் பிசையக் கற்றுக்கொடுத்தார், ஊக்கம் கொடுத்தார். முதல் உலகப் போரின்போது அந்தப் பள்ளியிலிருந்து போருக்குப் போன மாணவர்களின் பெயர்களைப் பொறிக்க ஒரு மரப்பலகை தேவைப்பட்டது. அதைச் செதுக்கும் வேலையை ஆசிரியை ஹென்றியிடம் கொடுத்தார். 1916-இல் செதுக்கிய அந்தப் பலகை அவருடைய முதல் வேலைகளில் ஒன்று.

ஆனாலும் தந்தை விட்டுக்கொடுக்கவில்லை. முதலில் வாத்தியார் பயிற்சி, அப்புறம் வேண்டுமானால் ஓவியம் என்றார். கல் செதுக்குவதும் அவர் பார்வையில் உடலை வருத்தும் ஒரு கூலி வேலைதான். அதிலிருந்து தப்பிக்கத்தானே பிள்ளையைப் படிக்க வைத்தார்! மகனும் எதிர்த்துப் பேசவில்லை. தாம் படித்த ஆரம்பப் பள்ளியிலேயே ஆசிரியராகச் சிலகாலம் வேலை பார்த்தார்.

போர்க்களத்திலிருந்து கலைக்கூடத்துக்கு

1917-இல், 18 வயதில், ஹென்றி மூர் பட்டாளத்தில் சேர்ந்தார். தம் படைப்பிரிவிலேயே அவர்தான் வயதில் இளையவர். அந்த ஆண்டு நவம்பர் மாதம் பிரான்சு நாட்டில் காம்பிரே என்ற இடத்தில் நடந்த சண்டையில் விஷவாயு தாக்கியது. நல்லவேளை, உயிர் தப்பினார். மருத்துவமனையில் கிடந்து தேறினார்.

போர் முடிந்ததும் முன்னாள் வீரர்களுக்குக் கல்வி உதவி கிடைத்தது. அந்தப் பணத்தில் 1919-இல் லீட்ஸ் நகரக் கலைப்பள்ளியில் சேர்ந்தார். சிற்பம் படிக்க வேண்டும் என்று கேட்ட மாணவர் அங்கே அவர் ஒருவர்தான். அவருக்காகவே சிற்பப் பயிற்சிக்கு இடம் ஏற்படுத்தினார்கள். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பார்பரா ஹெப்வொர்த் என்ற சிற்பி அம்மையாரும் அதே பள்ளியில் படித்தவர். 1921-இல் மறுபடியும் உபகாரச் சம்பளம் பெற்று லண்டனில் உள்ள ராயல் கலைக் கல்லூரிக்குப் போனார். அடுத்த ஆண்டே தந்தை காலமானார். மகன் அடையப்போகும் புகழை அவர் பார்க்கவில்லை.

கல்லூரியில் அக்காலத்து முறைப்படி ஒரு பழைய சிலையைக் கொடுத்து, அளவெடுக்கும் கருவி வைத்துப் புள்ளி புள்ளியாகக் குறித்து, அதே மாதிரி சலவைக்கல்லில் செய்யச் சொன்னார்கள். ஹென்றி மூருக்கு அது பிடிக்கவில்லை. கண்ணால் பார்த்து, கையால் நேராகச் செதுக்கிவிட்டார். பிறகு ஆசிரியர் நம்புவதற்காகக் கருவியின் ஊசித் தடம் போன்ற சிறு குழிகளை மேலே அங்கங்கே போட்டு வைத்தார்! மாணவர்களே, இந்தக் குறும்பை நீங்கள் செய்துவிட வேண்டாம். கருவியை நம்பாமல் கண்ணையும் கையையும் நம்பிய தைரியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் அவருக்கு உண்மையான பள்ளிக்கூடமாக இருந்தது பிரிட்டிஷ் அருங்காட்சியகம். எகிப்து, ஆப்பிரிக்கா, பழைய மெக்சிகோ என்று உலகத்தின் நாலாபக்கத்துச் சிற்பங்களும் அங்கே இருந்தன. கிரேக்கச் சிலைகளைப் போல உள்ளது உள்ளபடி செய்வதுதான் அழகு என்று அதுவரை ஐரோப்பாவில் சொல்லிவந்தார்கள். இந்தச் சிற்பங்களோ அப்படி இல்லை. ஆனால் உயிர் இருந்தது.

உடல் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம்

பழைய மெக்சிகோ மக்களின் கற்சிற்பங்களில் சாக்மூல் என்று ஒரு வகை உண்டு. ஒருவர் முழங்கைகளை ஊன்றி, முழங்காலை மடக்கி, மல்லாந்து சாய்ந்திருப்பார். உடல் நீண்டிருக்கும் திசை ஒன்று. முகம் திரும்பியிருக்கும் திசை வேறொன்று. அந்தச் சிற்பத்தின் வார்ப்பு ஒன்றைப் பாரிசில் கண்ட ஹென்றி மூர் அதை மறக்கவே இல்லை.

ஏன் அப்படிக் கவர்ந்தது? உடலும் முகமும் ஒரே பக்கம் பார்த்தால், எதிரே ஓரிடத்தில் நின்றாலே பார்த்து முடிந்துவிடும். உடல் ஒரு பக்கமும் முகம் ஒரு பக்கமுமாக இருந்தால், பார்க்கிறவர் தம் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1929-இல் பழுப்புநிறக் கல்லில் அவர் செதுக்கிய சாய்ந்திருக்கும் பெண் உருவம் அந்தப் பாதிப்பில் பிறந்தது. இன்றைக்கு அது லீட்ஸ் நகரில் இருக்கிறது. அதன்பின் சாகும்வரை சாய்ந்த உருவங்களை அவர் செய்துகொண்டே இருந்தார்.

அதே 1929-இல் இரினா என்ற பெண்ணை மணந்தார். தாம் படித்த கல்லூரியிலேயே ஆசிரியராகவும் இருந்தார். ஆக, தந்தை ஆசைப்பட்டபடி வாத்தியார்; தாம் ஆசைப்பட்டபடி சிற்பி. ஆனால் 1931-இல் லண்டனில் அவர் வைத்த கண்காட்சியைப் பார்த்துச் சில பத்திரிகைகள் சீறிப் பாய்ந்தன. இப்படிப்பட்டவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதா, வேலையை விட்டு நீக்க வேண்டும் என்றெல்லாம் கூச்சல் எழுந்தது. அந்தக் கல்லூரியிலிருந்து அவர் வெளியேறினார். செல்சி கலைப்பள்ளி அவரை அழைத்துச் சிற்பப் பிரிவை நடத்தும் பொறுப்பைக் கொடுத்தது.

துவாரம் எதற்கு?

1930களின் தொடக்கத்தில் அவருடைய சிற்பங்களில் துவாரம் வந்தது. உருவத்தின் நடுவே ஓட்டை! அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஏராளம். பத்திரிகைகளில் கேலிச் சித்திரங்கள்கூட வந்தன.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு பாறை இருக்கிறது. முன்னால் நின்றால் முன்பக்கம் மட்டும்தான் தெரியும். அதில் ஒரு குகை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை போனால் என்ன ஆகும்? முன்னால் நிற்பவருக்குப் பின்பக்கமும் கொஞ்சம் தெரிகிறது. பின்னால் இருக்கும் மரமும் வானமும் சிற்பத்துக்குள் வந்துவிடுகின்றன. நாம் ஓர் அடி நகர்ந்தால் அந்தத் துவாரத்துக்குள் தெரிகிற காட்சியும் மாறுகிறது. கல் அசையவில்லை, நாம் அசைந்தோம், அதனால் கல்லும் அசைந்த மாதிரி ஆகிவிட்டது. துவாரத்தின் வேலை இதுதான்.

அவர் கடற்கரையிலும் வயல்வெளியிலும் கிடக்கும் கூழாங்கல், எலும்பு, சங்கு, கிளிஞ்சல் எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்து வைப்பார். பின்னாளில் எந்தப் பெரிய சிற்பத்துக்கும் முதலில் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன மாதிரி ஒன்றைச் செய்வார். அதைக் கையில் வைத்து மேலும் கீழும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இருந்தால் அவருக்குத் திருப்தி வராது. ஒவ்வொரு பக்கமும் ஒரு புதிய செய்தி சொல்ல வேண்டும்.

நிலத்துக்கு அடியில்

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940-இல் செருமானிய விமானங்கள் இரவு இரவாக லண்டன்மேல் குண்டு போட்டன. மக்கள் பாயும் போர்வையுமாக நிலத்தடி ரயில் நிலையங்களில் போய் ஒதுங்கினார்கள். ஓர் இரவு ரயிலில் வந்த ஹென்றி மூர், நடைமேடை நெடுகிலும் தாயும் பிள்ளையுமாக மக்கள் வரிசையாகப் படுத்திருப்பதைக் கண்டார். தாம் அத்தனை ஆண்டுகளாகக் கல்லில் செதுக்கிய சாய்ந்த உருவங்கள் எல்லாம் உயிரோடு அங்கே கிடந்தன! நீண்டு போன சுரங்கப் பாதையின் வாய் தம் சிற்பத்தின் துவாரம் போலத் தெரிந்தது.

அரசாங்கத்தின் போர்க்கால ஓவியராக அந்தக் காட்சிகளை வரைந்தார். ஆனால் தூங்குகிற மக்களின் முன்னால் உட்கார்ந்து படம் போட அவருக்கு மனம் வரவில்லை. மூலையில் நின்று ஒன்றிரண்டு குறிப்பு மட்டும் எழுதிக்கொள்வார். மறுநாள் வீட்டில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரைவார். ஏழைகளின் துயரத்தை வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது என்ற பண்பு அது. இந்தப் படங்களைப் பார்த்த பொதுமக்களுக்கு அவர்மேல் இருந்த பகை குறைந்தது. ஓட்டைச் சிற்பம் செய்கிறவர் என்று சிரித்தவர்கள், அந்தப் போர்வைக்குள் தங்களையே கண்டார்கள்.

அதே 1940-இல் லண்டனில் அவர் குடியிருந்த வீடு குண்டுவீச்சில் சேதமானது. மனைவியோடு ஹெர்ட்போர்ட்ஷயரில் பெர்ரி கிரீன் என்ற சிற்றூருக்குக் குடிபோனார். கடைசிவரை அதே வீடுதான்.

அப்பா வேலை செய்த இடம்

அடுத்து, சுரங்கத் தொழிலாளர்களை வரைய ஒரு வாய்ப்பு வந்தது. 1941-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவர் காசல்போர்ட்டுக்குத் திரும்பி, வீல்டேல் சுரங்கத்துக்குள் இறங்கினார். தந்தை வேலை செய்த அதே சுரங்கம். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும், அதற்குள் அவர் இறங்கியது அதுவே முதல் தடவை. தந்தைதான் இறங்கவே விடவில்லையே!

உள்ளே கும்மிருட்டு. மூச்சை அடைக்கும் தூசி. தவழ்ந்து போக வேண்டிய பாதை. கரி வெட்டும் இடத்தில் ஆட்கள் நிமிர முடியாமல், ஒருக்களித்தும் முழங்காலிட்டும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தலையில் கட்டிய விளக்கின் ஒளி பட்ட இடம் மட்டும் தெரியும். ஒரு முதுகு, ஒரு தோள், பாதி முகம்; மற்றதெல்லாம் இருட்டு. ஒளி திரும்பினால் உருவமும் மாறிவிடும்.

அன்றாடம் கரி படிந்து வீடு திரும்பிய அப்பாவை அவர் சிறு வயதில் பார்த்ததுண்டு. அப்பா எதைத் தினந்தோறும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை அன்றுதான் கண்டார். அப்பா இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டு ஆகியிருந்தது. படிக்க வைத்தவரின் கண்கள் வழியாகப் பார்க்கும் பேறு எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்?

ஊர் நடுவே வந்த சிற்பங்கள்

போருக்குப் பின் புகழ் மளமளவென்று வளர்ந்தது. 1946-இல் நியூயார்க் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. அதே ஆண்டு அவருக்கு ஒரே மகள் பிறந்தாள். தம் தாயின் பெயரான மேரி என்பதையே சூட்டினார். 1948-இல் வெனிஸ் நகரில் நடந்த அனைத்துலகக் கலைவிழாவில் சிற்பத்துக்கான பரிசு கிடைத்தது.

ஆனால் அவர் விரும்பியது அருங்காட்சியகத்தை மட்டுமல்ல. திறந்த வெளியில், வானத்தின் கீழ், வெயிலும் மழையும் படும் இடத்தில் சிற்பம் இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. காலையில் ஒரு நிழல், மாலையில் ஒரு நிழல். வெயிலில் ஒரு முகம், மழையில் ஒரு முகம். அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் கைகோத்த குடும்பச் சிற்பம் ஒன்று ஸ்டீவனேஜ் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்காகச் செய்யப்பட்டது. பாரிசில் யுனெஸ்கோ தலைமையகத்துக்கு, 1958-இல் முடிந்த சாய்ந்த உருவம் ஒன்றை வெண்ணிறக் கல்லில் செய்தார். அதன் எடை சுமார் 39 டன். அதை வெண்கலத்தில் செய்யலாமா என்று முதலில் யோசித்தார். பின்னால் இருக்கும் கட்டடத்தின் ஜன்னல்கள் இருண்டு தெரியும். அவற்றுக்கு முன்னால் கரிய வெண்கலம் எடுபடாது என்று கண்டு வெளிறிய கல்லைத் தேர்ந்தார். சிற்பத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் சிற்பத்தின் ஒரு பாகம் என்பதை இதனால் அறியலாம்.

சிக்காகோ, டொராண்டோ, லண்டன்

ஒரே சிற்பியை மூன்று ஊர்கள் எப்படிப் பார்த்தன என்பதைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகம். 1942-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் என்ரிக்கோ பெர்மி என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் அணுவின் தொடர்வினையைக் கட்டுப்பாட்டோடு நடத்திக்காட்டிய இடம் அது. சரியாக 25 ஆண்டு கழித்து, 1967 டிசம்பர் 2-ஆம் நாள், அங்கே ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பம் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 12 அடி உயரம். மேல்பகுதி உருண்டு திரண்டு இருக்கும். ஒருவருக்கு அது அணுகுண்டின் காளான் புகை. இன்னொருவருக்கு மனித மண்டையோடு. கீழே குனிந்து தூண்களுக்கு இடையே பார்த்தால் ஒரு தேவாலயத்தின் உட்புறம். அழிவா, அறிவா, வழிபாடா? மூன்றும் ஒரே வெண்கலத்தில்! அதற்கு அவர் வைத்த பெயரில் இருந்த துண்டு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல், அமைதி என்ற சொல்லைப் போலவே ஒலிக்கும். குழப்பம் வேண்டாமென்று அணுசக்தி என்று பெயரை மாற்றினார்கள். அதே சிற்பத்தின் சிறிய வடிவம் ஒன்று ஜப்பானில், குண்டு விழுந்த ஹிரோஷிமா நகரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிக்காகோவில் நின்று பார்ப்பவரும் ஹிரோஷிமாவில் நின்று பார்ப்பவரும் ஒன்றையே காண்பார்களா? எண்ணிப் பாருங்கள்.

அடுத்து கனடாவின் டொராண்டோ. புதிய நகர மண்டபத்துக்கு முன்னால் ஹென்றி மூரின் சிற்பம் வேண்டும் என்று நகரத் தலைவர் பிலிப் கிவன்ஸ் விரும்பினார். மக்கள் பணத்தை இதற்குக் கொட்டுவதா என்று மன்றம் மறுத்தது. அவர் நன்கொடை திரட்டி வாங்கினார். 1966-இல் சிற்பம் வந்தது. அதே ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். இந்தச் சிற்பமும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். ஆனால் அந்த நகரம் காட்டிய அக்கறையால் மகிழ்ந்த சிற்பி, தம் படைப்புகள் பலவற்றை அங்குள்ள கலைக்கூடத்துக்கு அள்ளிக் கொடுத்தார். 1974-இல் அங்கே அவர் பெயரில் ஒரு தனி மண்டபமே திறந்தார்கள். அன்று வீண்செலவாகத் தெரிந்தது, பிறகு ஊருக்கே சொத்தாகத் தெரிந்தது.

மூன்றாவது லண்டன். 1962-இல் லண்டன் மாவட்ட மன்றம், ஏழைத் தொழிலாளர்கள் வாழும் ஸ்டெப்னி பகுதியில் கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே வைக்க, உட்கார்ந்திருக்கும் பெண் சிற்பம் ஒன்றை அவரிடம் வாங்கியது. உழைக்கும் மக்கள் வாழும் இடம் என்பதால் உண்மை மதிப்புக்கும் மிகக் குறைந்த விலைக்கே கொடுத்தார். குடியிருந்தவர்கள் செல்லமாகக் கிழவி புளோ என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் அவள் மடியில் ஏறி விளையாடினார்கள். அந்த வீடுகள் இடிக்கப்பட்டபோது, 1997-இல் சிலை யார்க்ஷயருக்குப் போனது. 2012-இல் அந்த வட்டார நகராட்சி, பணமுடை காரணமாக அதை விற்கப் பார்த்தது. அது நம்ம சொத்து, ஏழைகளுக்காகக் கொடுத்தது, விற்காதே என்று எதிர்ப்புக் கிளம்பியது. விற்பனை நின்றது. 2017-இல் கிழவி மறுபடியும் கிழக்கு லண்டனுக்கே வந்து சேர்ந்தாள். கணக்கு ஏட்டைப் பார்த்தவர்களுக்கு அவள் பல லட்சம் பவுன். மடியில் விளையாடியவர்களுக்கு அவள் பாட்டி.

இன்னொரு பார்வையும் உண்டு. 2005 டிசம்பரில், பெர்ரி கிரீனில் இருந்த சாய்ந்த உருவம் ஒன்றைத் திருடர்கள் லாரியில் தூக்கிப் போய்விட்டார்கள். இரண்டு டன்னுக்கு மேல் எடை. மதிப்பு 30 லட்சம் பவுன். அதைத் துண்டு போட்டு வெறும் பழைய உலோகமாக 1,500 பவுன் அளவுக்கு விற்றிருப்பார்கள் என்று போலீசார் கருதினார்கள். திருடனின் கண்ணுக்கு அது எடைக்குப் போடுகிற சாமான்தான்!

நிறைவுக் காலம்

புகழ் வந்தபின்னும் அவர் எளிமையாகவே வாழ்ந்தார். 1951-இல் சர் பட்டம் தருவதாகச் சொன்னபோது வேண்டாமென்று மறுத்தார். 1963-இல் ஆர்டர் ஆப் மெரிட் என்ற உயர்ந்த விருது அவரைத் தேடி வந்தது. 1960களின் பிற்பகுதியில் நண்பர்கள் அவருக்கு ஒரு யானையின் மண்டையோட்டைக் கொடுத்தார்கள். அதைத் தள்ளி வைத்துப் பார்க்காமல், மிக நெருங்கிக் கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தார். அதற்குள் பாலைவனமும் பாறைக் குகையும் வாசல்களும் தெரிந்தன. அவற்றையெல்லாம் வரிசையாகப் படங்களாக்கினார். எழுபது வயதிலும் புதிதாகப் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தவர் அவர்!

1977-இல் தம் பெயரில் ஓர் அறநிறுவனம் அமைத்து, தம் படைப்புகளைப் பொதுமக்களுக்கும் இளம் கலைஞர்களுக்கும் பயன்படச் செய்தார். சிங்கப்பூரில் உள்ள சிற்பமும் இந்த முதுமைக் காலத்தில் உருவானதுதான். 1938-இல் அவர் ஈயத்தில் செய்த, ஒரு முழம்கூட இல்லாத சின்ன உருவம் ஒன்று இருந்தது. வங்கிக் கட்டடத்தை வடிவமைத்த ஐ. எம். பெய் என்ற கட்டடக் கலைஞர், அதைப் பெரிதாக்கித் தர வேண்டினார். கையால் திருப்பிப் பார்த்த பொம்மை, 1980களில் நாம் சுற்றி நடந்து பார்க்கும் மேடாகிவிட்டது.

1986-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், 88-ஆம் வயதில் ஹென்றி மூர் காலமானார். பெர்ரி கிரீன் சிற்றூரின் தேவாலயத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு வீல்டேல் சுரங்கமும் மூடப்பட்டது. சுரங்கம் போய்விட்டது; அங்கே வேலை செய்தவர்களின் உருவங்கள் அவருடைய ஓவியங்களில் இருக்கின்றன.

நாம் பார்க்கும் விதம்

இதெல்லாம் வெள்ளைக்காரன் கலை, நமக்கு எங்கே விளங்கும் என்று சிலர் நினைக்கலாம். தோட்டத்து எல்லையில் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, சூலம் ஊன்றி, மஞ்சள் துணி கட்டி முனியாண்டி என்று கும்பிட்டு வந்தவர்கள் நாம். அந்தக் கல்லுக்குக் கண்ணும் மூக்கும் யார் செதுக்கினார்கள்? வழியே போகிற அந்நியனுக்கு அது வெறும் கல். நமக்கு அது காவல் தெய்வம். கோயிலுக்குப் போனாலும் முன்னால் நின்று கும்பிட்டதோடு திரும்பிவிடுகிறோமா? பிராகாரத்தைச் சுற்றி வலம் வருகிறோம். உருவமில்லாத உருவத்தைப் பார்ப்பதும், சுற்றிவந்து பார்ப்பதும் நம்மவர்களுக்குப் புதிதே அல்ல.

ஒரு பால்மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மரம் சீவுகிறவருக்குப் பட்டையும் கோடும் பால் ஓட்டமும் தெரியும். கிராணிக்கு அது கணக்கில் ஓர் எண். சிறுவனுக்குக் கித்தாக்கொட்டை உதிர்க்கும் விளையாட்டுத் தோழன். மரம் ஒன்று, பார்வை மூன்று. இதில் எது பொய்?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ரேமண்ட் மூர் பிள்ளையைச் சுரங்கத்திலிருந்து காப்பாற்றியது பெரிய காரியம். அதனால்தான் அந்தப் பிள்ளைக்கு வேறு வழி திறந்தது. ஆனால் அந்த வழி தந்தைக்குத் தெரிந்த வழியாக இருக்கவில்லை. உங்கள் பிள்ளை கணக்கு ஏட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போடுகிறானா? களிமண்ணைப் பிசைந்துகொண்டே இருக்கிறாளா? உடனே பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். படிப்பும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அது வீண்வேலையாகத் தெரியலாம். ஓர் அடி தள்ளி நின்று பாருங்கள்.

மாணவர்களே, இன்று பரிசு வாங்கியவர்களும் உண்டு, வாங்காதவர்களும் உண்டு. பரிசு என்பது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. உங்களுக்கு இன்னும் பல பக்கங்கள் உண்டு. அவற்றைக் கண்டுகொள்ள ஒரு ஆலிஸ் காஸ்டிக் அம்மையார் உங்கள் பள்ளியிலும் இருப்பார். அடுத்த முறை சிங்கப்பூர் போனால், அந்த வெண்கலப் பெண்ணை மறக்காமல் ஒரு தடவை வலம் வந்து பாருங்கள். ஒரு சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை செய்தது என்று தம்பி தங்கைக்கும் சொல்லுங்கள்.

வாழ்க உழைப்பு! வளர்க கலை!